நாலு நூலுக்கும் அஞ்சு நூலுக்கும் நடுவே

கோபம் வந்தால் வில்பிரட் ஆளை ஏசமாட்டான், சாமானைத்தான் ஏசுவான். அன்றைக்கு லாஞ்சியின் என்ஜின் குழிக்குள் குப்புறக் கிடந்துகொண்டு ஒரு நட்டை ஏசிக்கொண்டிருந்தான். காது கொடுத்துக் கேட்கிற ஏச்சு இல்லை அது. நல்லவேளை, நட்டுக்குத் தாய் தகப்பன் கிடையாது.

“மூச்சப் பிடிச்சுல்லா ஒன்னய இறுக்கினேன். முயல்தீவு தாண்டல, அதுக்குள்ள எங்க கெளம்பிட்ட நீ?”

ஸ்பானர் வேண்டியிருக்கவில்லை. விரலால் தொட்டதுமே நட்டு சுற்றிக்கொண்டு வந்தது. நாலு போல்ட்டில் மூன்று இப்படி. என்ஜின் தன் காலில் நிற்காமல் கள் குடித்தவனைப் போல ஆடிக்கொண்டிருந்தது. சுக்கான் பிடித்திருந்த பவுல் மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். பவுல், வில்பிரட் பெஞ்சாதி இசபெல்லாவின் தம்பி.

“அத்தான், திருப்பிருவமா?”

“திருப்பாம பின்ன? கொழும்புக்கா போகப்போறோம்?”

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்து கடல் தெளிந்திருந்த நேரம். வெள்ளை இறால் ஏறிக்கொண்டிருந்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் கிழவன் கிழவிகூட வீட்டில் இல்லை, எல்லாரும் பாலத்தடியில் இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஊரில் உள்ள லாஞ்சியெல்லாம் கடலுக்குப் போகும்போது ‘அடைக்கலமாதா’ மட்டும் கடலுக்குப் போவதும் பாதி வழியில் திரும்புவதுமாக இருந்தால் லாஞ்சிக்குச் சொந்தக்காரனான சம்மாட்டிக்கு எப்படி இருக்கும்? வயிறு எரியும். வில்பிரட்டுக்கு எரிந்தது.

காரணம் ஒரு சிரட்டை. கச்சானில் லாஞ்சி சும்மா கிடந்தபோது, என்ஜின் உட்காரும் கட்டை உளுத்துப்போனது தெரிந்து, என்ஜினைத் தூக்கிப் புது இலுப்பைக் கட்டை போட்டார்கள். வேலை நன்றாகத்தான் நடந்தது. அது ஜப்பான் என்ஜின். அதோடு வந்த போல்ட்டுகளுக்கென்று வாசர்கள் உண்டு, மேலே நட்டுக்குக் கீழே ஒன்று, அடியில் கட்டைக்கும் போல்ட் தலைக்கும் நடுவே ஒன்று. கனமான, அகலமான, பார்த்தாலே மரியாதை தோன்றுகிற வாசர்கள். துரு இளகட்டும் என்று வில்பிரட் அவற்றை ஒரு சிரட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டு வைத்திருந்தான். பவுல் அடித்தட்டுத் தண்ணீரை இறைக்க இறங்கியவன், கைக்கு அகப்பட்ட சிரட்டையை எடுத்து, அதில் கிடந்த கறுப்புத் தண்ணீரைக் கடலில் கொட்டிவிட்டு இறைக்கத் தொடங்கினான். இதுதான் நடந்தது. கொலையும் இல்லை, களவும் இல்லை. அன்றையிலிருந்து அத்தானும் மச்சினனும் ஒரு சிரட்டையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பவுலை அப்படி ஏசிக்கொண்டே இருக்கவும் முடியாது. இறால் எங்கே கிடக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்த மாதிரி அந்த ஜெட்டியில் வேறு யாருக்கும் தெரியாது. கரையில் தெரிகிற கோயில் கோபுரத்தையும் உப்பளத்துப் புகைபோக்கியையும் ஒன்றுக்கொன்று நேராக்கி, தண்ணீரில் கைவிட்டுப் பார்த்து, ‘இங்கன போடுங்க’ என்பான். மடிவலை நிறையும். மரியான் சம்மாட்டி அவனைத் தன் லாஞ்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பவுல் போய்விட்டால் ‘அடைக்கலமாதா’ மிதக்கிற விறகு. அது வில்பிரட்டுக்குத் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு சாயங்காலமும் அவனிடம், “நாளைக்குப் போயிரலாம்ல. வாசரு கெடச்சாச்சு” என்று சொல்லி அனுப்புவான்.

வாசர் கிடைத்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும்.

சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் இரும்புக்கடை மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில். சாயர்புரத்துப் பக்கம் பனங்காட்டிலிருந்து வந்து, ஆணி விற்று ஆளானவர். காலையிலேயே வாசரை மாட்டி அந்த ஓட்டத்துக்கே கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில், வில்பிரட் விடியும்போதே போய்க் கடைப் படியில் நிற்பான். அண்ணாச்சி பலகையை எடுத்து, தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டித் திரும்பும்போது எதிரே போல்ட்டோடு ஒரு ஆள்.

முதல் தடவை அண்ணாச்சி போல்ட்டை வாங்கி அளவுகோலில் வைத்துப் பார்த்தார். நம் ஊரில் போல்ட்டுக்கு நூல்தானே கணக்கு. ஒரு இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். நாலு நூல் என்றால் அரை இஞ்ச். அதற்கு மேல் அஞ்சு நூல். கடையில் இருக்கிற டப்பாவெல்லாம் இந்தக் கணக்கில்தான் இருந்தது. சர்க்கார் மில்லிமீட்டருக்கு மாறி வருசங்கள் ஆகியிருந்தாலும் அண்ணாச்சியின் டப்பாக்களுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை.

“நாலு நூலுக்குக் கொஞ்சம் மேல. அஞ்சு நூலுக்குக் கொஞ்சம் கீழ” என்றார்.

“மில்லிமீட்டரு கணக்கு அண்ணாச்சி. பதினாலு.”

“தெரியும்லா. அஞ்சு நூலு வாசரு போடுங்க. சேரும்.”

வில்பிரட் மாட்டிப் பார்த்தான். சுண்டுவிரலில் போட்ட வளையல் மாதிரி இருந்தது.

“தொளதொளங்குதே அண்ணாச்சி.”

“இறுக்கினா எங்க போவும்? மேல நட்டு, கீழ என்ஜின் காலு. நடுவுல அது எங்கன ஓட முடியும்? கொண்டு போங்க, நல்லா வரும்.”

அது ஓடியது. என்ஜின் அதிர்கிற அதிர்வில் வாசர் ஒரு பக்கமாக ஒதுங்கி, நட்டு பாதி வாசரிலும் பாதி வெறும் ஓட்டையிலுமாக உட்கார்ந்து, வாசர் வடைச்சட்டி மாதிரி குழிந்து, நட்டு கழன்றது. அதுதான் வில்பிரட் நட்டை ஏசிய நாள்.

மறுநாள் விடியும்போது மறுபடியும் படியில்.

“ரெண்டு போடுங்க” என்றார் அண்ணாச்சி. “ஒண்ணு மேல ஒண்ணு. ரெண்டுக்கும் மேல ஸ்பிரிங்கு வாசரு. அது கடிச்சுப் பிடிச்சுக்கிடும்.”

“ஸ்பிரிங்கும் அஞ்சு நூலுதான அண்ணாச்சி?”

“பின்ன? சேரும்ங்கேன்.”

ஸ்பிரிங் வாசர் கடிக்கவில்லை. வாயைப் பிளந்தது. வளையம் விரிந்து நட்டுக்கு வெளியே பிதுங்கி, ஒன்று ‘டங்’ என்று தெறித்துப் பவுலின் முழங்காலில் பட்டது. அன்றைக்கு முயல்தீவுவரைகூடப் போகவில்லை. கரைக்குத் திரும்பும்போது எதிரே வருகிற லாஞ்சிக்காரர்கள் ஒருவர் விடாமல் கை காட்டினார்கள். வில்பிரட் யாரையும் பார்க்காமல் கயிறு சுருட்டினான். சுருட்டின கயிற்றையே மறுபடியும் பிரித்துச் சுருட்டினான்.

மூன்றாவது விடியலில் அண்ணாச்சி நாலு நூல் வாசர்களையும் ஒரு உருண்டை அரத்தையும் எடுத்து வைத்தார்.

“இது நுழையாதே அண்ணாச்சி.”

“கொஞ்சம் அராவிக்கிடுங்க. ரோமக்கனந்தான். ஒரு கை வேலை.”

ஒரு கை வேலை இல்லை. ரெண்டு பேருக்கு நாலு கையும் பத்தவில்லை. இசபெல்லா குசினியில் சாளைக் குழம்பை இறக்கிவைத்துவிட்டு வந்து, அம்மிக்கல் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். வில்பிரட் வாசரை இடுக்கியில் பிடித்துக்கொள்ள, அவள் அரத்தை ஓட்டைக்குள் விட்டுத் தேய்த்தாள். பிறகு அவள் பிடிக்க அவன் தேய்த்தான். தேங்காய் திருகுகிற மாதிரி பொடி விழுந்தது, ஓட்டை மட்டும் பெரிதாகவில்லை. குழம்பு ஆறி ஏடு கட்டியது.

“ஏளா, ஒரே பக்கமா தேய்க்காத. ஓட்ட கோணிக்கிட்டுப் போவுது.”

“கோணினா கோணட்டும். எனக்குப் பெருவிரலு கொப்புளிச்சுப் போச்சு. அந்த ஜப்பான்காரனுக்கு நாலு நூலுல ஒரு போல்ட்டு அடிச்சா என்னவாம்? நம்மளச் சோதிச்சுப் பாக்கணும்னே பதினாலுல அடிச்சிருக்கான்.”

“அவன் ஊர்ல பதினாலு கெடைக்கும்.”

“அப்ப அவன் ஊருக்கே போய் வாங்கிட்டு வாங்க.”

சிரிப்பு வருகிற இடந்தான். ரெண்டு பேருக்கும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து பவுல் வந்து முற்றத்தில் நின்றான். அராவின வாசர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“ஓரம் மெலிஞ்சுபோச்சே அத்தான். இது கட்டைக்கு அடியில போறதுல்லா? மரத்துல அமுங்கிருமே.”

“நல்ல வாசரு இருந்திச்சு. அத ஒருத்தன் கடல்ல கொட்டிட்டான்.”

பவுல் வாசரை இருந்த இடத்திலேயே வைத்தான். இசபெல்லா புருசனைப் பார்த்த பார்வையில் அரம் இருந்தது.

“மரியான் சம்மாட்டி இன்னைக்கும் கேட்டாரு” என்றான் பவுல். “நாளைக்கும் நாளான்னைக்கும் கரையிலதான்னா சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டேன்.”

“நாளைக்குப் போயிரலாம்ல. இதான் சரியான வாசரு.”

“நெசமாவா?”

“நெசந்தான். காலையில வந்துரு.”

சொல்லும்போதே வில்பிரட்டுக்கு நாக்கு கூசியது. கையில் இருக்கிற வாசர் எப்படிப்பட்டது என்று அவன் விரலுக்குத் தெரியாதா? ஆனாலும் அவன் வாய் அப்படித்தான் சொல்லியது.

காலையில் போனார்கள். முயல்தீவு தாண்டியது, சந்தோசம். கரை மங்குகிற தூரம்வரை போனது, இன்னும் சந்தோசம். பவுல் தண்ணீரில் கைவிட்டுப் பார்த்து, “இங்கன போடுங்க” என்றான். மடியை இறக்கி இழுக்கத் தொடங்கியதும் என்ஜினுக்குப் பாரம் ஏறியது. அடியில் ‘நறுக்’ என்று ஒரு சத்தம். பவுல் சொன்னதுதான். மெலிந்த வாசர்கள் இலுப்பைக் கட்டைக்குள் அமுங்கி, போல்ட்டின் தலையும் பின்னாலேயே புதைந்து, மேலே நட்டுகளெல்லாம் ஒரே நேரத்தில் தளர்ந்துவிட்டன. என்ஜின் இடம் பெயர்ந்தது. விசிறியைச் சுற்றுகிற ஷாப்ட்டு வெளியே போகிற துவாரத்தில் தண்ணீர் பீய்ச்சியது.

என்ஜினை நிறுத்தி, துவாரத்தில் சாக்கையும் கிரீசையும் திணித்து, ரெண்டு பேரும் மாறி மாறி இறைத்தார்கள். மடியை அறுத்துவிட மனமில்லாமல் கையாலேயே இழுத்து ஏற்றினார்கள். அதில் இறால் இருந்தது. அதுதான் வில்பிரட்டால் தாங்கமுடியவில்லை. துள்ளுகிற வெள்ளை இறால், ஒவ்வொன்றும் சாண் நீளம். பவுல் சொன்ன இடத்தில் கிடந்தது, கிடந்துகொண்டும் இருக்கிறது, இவர்களால் அங்கே இழுக்க முடியவில்லை.

கட்டி இழுத்து வந்தது யார் லாஞ்சி என்று கேட்கவே வேண்டாம். மரியான் சம்மாட்டி நல்ல மனுசன், ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. கேலி பேசியிருந்தால் தேவலை. கரையில் இறங்கும்போது பவுலிடம் மட்டும் மெதுவாக, “நாளைக்கு வாரியா?” என்று கேட்டார். பவுல் அத்தானைப் பார்த்தான்.

“சிரட்டையப் பத்தி நீங்க சொல்லுதது சரிதான் அத்தான்” என்றான் பவுல். “கொட்டினது நாந்தான். அதுக்காவத்தான் இவ்வளவு நாளும் வாயத் தொறக்காம வந்தேன். ஆனா தெனமும் நாளைக்கு நாளைக்குன்னு சொல்லுதிய பாருங்க, அதான் எனக்கு ஆவல. காலையில வந்து கேக்கேன். ஒரு வார்த்தை சொல்லுங்க.”

வில்பிரட் ஒரு போல்ட்டைக் கழற்றிக்கொண்டு இரும்புக்கடைக்குக் கிளம்பினான். உச்சி வெயில். சட்டையில் கிரீஸ், தலையில் உப்பு. இந்தத் தடவை ஏசப்போவது சாமானை அல்ல, ஆளைத்தான் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனான்.

கடையில் செல்லக்கனி என்ற கட்டட வேலைக்காரி கம்பி வாங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் எத்தனையோ பேர் வந்து போயிருப்பார்கள். வில்பிரட் போல்ட்டைத் தட்டில் ‘ணங்’ என்று வைத்தான்.

“அண்ணாச்சி, இதுக்கு உள்ள வாசரு உங்ககிட்ட இருக்கா, இல்லியா?”

“இல்ல” என்றார் அண்ணாச்சி.

எவ்வளவு சுளுவாகச் சொன்னார் என்றால், வில்பிரட் கொண்டுவந்த ஏச்செல்லாம் தொண்டையில் நின்றுவிட்டது.

“இல்லியா?”

“கெடையாது. பதினாலு எம்மெம்முக்கு என்கிட்ட என்னைக்குமே கெடையாது. மதுரையிலகூட தேடணும். அங்கன பன்னெண்டு உண்டு, பதினாறு உண்டு. பதினாலு எவனும் கேக்கான் இல்ல.”

“பின்ன மூணு நாளும் சேரும் சேரும்னு தந்தியளே.”

அண்ணாச்சி செல்லக்கனிக்குக் கம்பியை நிறுத்துக் கொடுத்துவிட்டு நிதானமாகத் திரும்பினார்.

“மூணு நாளும் எப்ப வந்திய? கடையத் தொறக்க முந்தி. மொத போணி. சாம்பிராணிப் புகை அடங்கல, அதுக்குள்ள மொத ஆள்ட்ட இல்லைங்குற வார்த்தைய எப்படிச் சொல்ல? அன்னைக்குப் பூரா இல்லை இல்லைன்னே போயிரும். எங்க அப்பா காலத்துலேருந்து எந்தக் கடையில சொல்லுதான்? உங்க வீட்டுல உப்பு தீந்துபோனா தீந்துட்டுன்னா சொல்லுதாவ? நெறஞ்சிருக்குன்னுதான சொல்லுதாவ?”

“உப்பு தீந்தா லாஞ்சி முங்காது அண்ணாச்சி. இன்னைக்கு முங்கப் பாத்துச்சு. நானும் எம் மச்சினனும் தண்ணி எறச்சுக்கிட்டே வந்தோம்.”

அண்ணாச்சியின் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் போல்ட்டை உருட்டிக்கொண்டிருந்தார். தப்பு என்று அவர் சொல்லவில்லை. சொல்லுகிற ஆளும் இல்லை.

“கட்டைக்கு அடியில எவ்வளவு அகலத்துல போட்டிய?”

“நீங்க தந்ததுதான்.”

“அது இரும்புக்கு இரும்பு போடுறது. மரத்துக்கு அந்த அகலம் பத்தாது. ஆறுமுகநயினார் லேத்துக்குப் போங்க. கனமான தகட்ட உள்ளங்கையில பாதி அகலத்துக்குச் சதுரமா வெட்டச் சொல்லுங்க. நடுவுல நாலரை நூலு டிரில் விடச் சொல்லுங்க. வாசரு நாலரையில எவனும் அடிக்கான் இல்ல, டிரில்லு உண்டு. பதினாலுக்குக் கச்சிதமா வரும்.”

“இத மொத நாளே சொல்லியிருக்கலாம்லா.”

“மொத நாளு நீங்க மொத போணில்லா” என்றார் அண்ணாச்சி, ஏதோ வில்பிரட்தான் புரியாமல் பேசுகிறான் என்பது போல.

அடிக்கவா, அழவா என்று வில்பிரட்டுக்குத் தெரியவில்லை. தெருவில் இறங்கி நடக்கும்போது அண்ணாச்சியை வாய்விட்டு ஏச ஆரம்பித்தான். இல்லாததை இருக்கு என்று சொல்லி ஒரு மனுசனைக் கடலுக்கு அனுப்புகிறவன் மனுசனா என்று கேட்டான். ரெண்டு கடை தாண்டுவதற்குள் குரல் இறங்கிவிட்டது. பவுலின் முகம் வந்து முன்னால் நின்றது. ‘நெசமாவா?’ என்று கேட்ட முகம். அதற்குப் பிறகு அண்ணாச்சியை ஏச வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, வெயிலைவிட அதுதான் சுட்டது.

லேத்துப் பட்டறையில் ஆறுமுகநயினார் தலையை நிமிர்த்தாமலே, புதுத் துறைமுகத்து வேலை குவிந்துகிடக்கிறது, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் தொட முடியாது என்றார். கெஞ்சினான். வெள்ளிக்கிழமை என்றார். அன்றைக்குச் செவ்வாய்.

வீட்டில் இசபெல்லா அந்த இறாலில் கொஞ்சத்தை உரித்து வதக்கி வைத்திருந்தாள். வில்பிரட் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“காலையில தம்பி வந்து கேப்பான்” என்றாள்.

“ம்.”

“வாயால இல்லைன்னு மட்டும் சொல்லிராதிய. கடலுக்குப் போற பிள்ள, விடியக்காலம் மொத வார்த்தை அதுவா கேக்கணும்? பாக்கலாம்னு சொல்லுங்க. மாதா வழி விடுவான்னு சொல்லுங்க. என்னத்தையாவது சொல்லி நிப்பாட்டுங்க. அவன் அங்கன போயிட்டான்னா திரும்ப மாட்டான்.”

அவள் பயம் அவனுக்கும் உண்டு. பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினான்.

விடியும்போது இசபெல்லா வழக்கம்போல ரெண்டு தூக்குவாளியில் பழைய சோறும் கருவாடும் வைத்து மூடி வாசலில் வைத்தாள். பவுல் வந்து நின்றான். தலையில் துண்டு, கையில் கத்தி. எந்த லாஞ்சிக்கானாலும் போகிற தோது.

“அத்தான், இன்னைக்குப் போவுதா?”

இசபெல்லா கதவருகில் நின்று புருசனையே பார்த்தாள்.

“இல்ல” என்றான் வில்பிரட்.

இசபெல்லா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“இன்னைக்கு இல்ல. நாளைக்கும் இல்ல. வாசரு ஊர்லயே இல்ல. லேத்துல வெட்டக் குடுத்திருக்கு, வெள்ளிக்கிழமைங்கான். அவன் சொன்னத சொல்லுதேன், எனக்குத் தெரியாது. நேத்து வச்ச வாசரு நிக்காதுன்னு எனக்கு வைக்கும்போதே தெரியும்ல. தெரிஞ்சுதான் ஒன்னயக் கூட்டிட்டுப் போனேன். நீ மரியான் லாஞ்சிக்கே போ.”

பவுல் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்து மறுபடியும் கட்டினான். கோபப்படுவான் என்று வில்பிரட் நினைத்தான். படட்டும் என்றும் நினைத்தான்.

“என்ன காரியம் பண்ணிட்டிய” என்று இசபெல்லா அழுகைக் குரலில் தொடங்கினாள். “விடிஞ்சும் விடியாம...”

“சும்மா இரு அக்கா” என்றான் பவுல். குனிந்து ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டான். படியில் இறங்கியவன் அத்தான் பக்கம் திரும்பினான்.

“வியாழன் வரைக்குந்தான்னு மரியான் சம்மாட்டிகிட்ட சொல்லிருதேன். வெள்ளிக்கிழமை இங்கன வாரேன். அன்னைக்கும் ஆவலன்னா ஆவலன்னு சொல்லுங்க. சனிக்கிழமை வாரேன்.”